உள்ளே விட்ட துணி

என் கணவரின் தம்பி தையற்காரர். கால்சட்டை தைக்கும்போது இடுப்பின் பின்பக்கம் உள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விடுவார். "நாளைக்கு உடம்பு வெச்சா என்னைத் திட்டக்கூடாதில்ல" என்பார்.

அவரை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. குச்சிக் கை, குச்சிக் கால். சட்டையை வெளியே விட்டால் வயிறு தெரியாது. நோயாளிகளைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைத்துப் பழகிய எனக்கு, அவர் குனிந்து நூல் பொறுக்கும்போது தெரியும்.

மருத்துவ முகாமில் எடை, உயரம் பார்த்து பிஎம்ஐ சொன்னார்கள். சரியான அளவு. செவிலி விடவில்லை. "இது முதல் சல்லடைதான், சார். இடுப்பையும் அளந்துட்டு, சர்க்கரைக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

"இடுப்பு அளக்கிறது என் பொழப்பும்மா. எனக்கேவா?" சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி என்னிடம், "நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றாள்.

"எனக்கு பிஎம்ஐ இருபத்திரெண்டு, அண்ணி. உங்களுக்கு எவ்வளவு?"

"முப்பதுக்கு மேல."

"அப்ப யாரு டாக்டர்கிட்ட போகணும்?"

"நான் போயிட்டுத்தான் வந்தேன். பேச்சை மாத்தாதீங்க, தம்பி. தண்ணிச் சொம்பு ஏன் நிமிஷத்துல காலியாகுது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

அந்த எண் பொய் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் முதலில் யாரைக் கவனிப்பது என்று பிரிக்க உதவும். ஒரே ஆளை நிறுத்தி, இவர் உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

மற்றவர்களுக்குக் கால்சட்டையாவது சொல்லும். ஒரு நாள் பட்டன் மாட்டாது, பயம் வரும். இவருக்கு அந்த நாள் வரவே இல்லை. லேசாக இறுக்கினாலே தையலைப் பிரித்து, உள்துணியில் கொஞ்சம் வெளியே எடுத்துவிடுவார். தொடைப் பக்கம் தொளதொளத்தது. அங்கே பிடித்துத் தைத்தார். பாதம் மரத்தது. மிஷின் மிதித்த அசதி என்றார்.

போன வாரம் கடையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் தரையில் ஏதோ கீறியது.

"தம்பி, உட்காருங்க. காலைக் காட்டுங்க."

குதிகாலில் உடைந்த மிஷின் ஊசி. சுற்றிலும் தோல் கறுத்திருந்தது. அன்று ஏறிய ஊசி இல்லை.

"வலிக்கலையா?" என்றாள் அவர் மனைவி.

"எது?" என்றார்.

மருத்துவமனையில் ஊசியை எடுத்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மருத்துவர் பாதத்தில் தொடங்கி மேலே மேலே விரலால் அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கணுக்கால் தாண்டியும் பதில் வரவில்லை. "கறுப்பு எதுவரைக்கும் ஏறுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். என்ன முடிவு என்று யாரும் கேட்கவில்லை.

கட்டுப் போட்ட கால் நுழைய, கால்சட்டையின் கீழ்த்தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது.

"அப்படியே இடுப்பையும் கொஞ்சம் விட்டுடு. இறுக்குது" என்றார்.

அவர் மனைவி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். பழைய தையல் ஓட்டைகள் வரிசை வரிசையாக இருந்தன. பிரித்துவிடத் துணி இல்லை.