ஓய்வுக் கடிதத்தில் எழுதாத காரணம்

ஐம்பத்தேழு வயதில் ஓய்வு கேட்டு நான் கொடுத்த கடிதத்தில் முழங்கால் வலியைக் காரணமாகக் காட்டியிருந்தேன். வலி பொய்யல்ல. கல்முனைப் பக்கத்து ஒழுங்கைகளில் முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலுமாக இருபத்தொன்பது வருடம் திரிந்த மருத்துவமாது நான். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. அந்த வலியோடு இன்னும் மூன்று வருடம் இழுத்திருப்பேன். நான் போக நினைத்தது வேறொன்றுக்காக.

வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவருக்கு, பகலில் பேச ஒரு ஆள் கிடைக்கப்போகிற சந்தோஷம். "இனி ரெண்டு பேருமா மக்காவுக்குப் போய் உம்றா செய்வம்" என்றார். கட்டாரில் இருக்கும் மகள் தொலைபேசியில், "உம்மா, இஞ்ச வந்து மூணு மாசம் நில்லுங்க, புள்ள உங்களத் தேடுறான்" என்றாள். என் நேரத்தை அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

அந்தக் கடிதத்துக்கு முந்திய ரமழானில் ஒரு பின்னேரம், அன்றைய கடைசி வீடு. இருபத்து நாலு வயதுப் பிள்ளை, முதல் கர்ப்பம், ஏழு மாதம். அவள் நோன்பு, நானும் நோன்பு. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தலை இடிக்கிது மிஸ். ரெண்டு நாளா" என்றாள்.

பிரஷர் பார்க்கும் கருவி ஒழுங்கை முனையில் நிறுத்திய ஸ்கூட்டிப் பெட்டிக்குள் இருந்தது. நாற்பது அடி தூரம் இருக்கும். வெயில் அனலாகக் கிடந்தது.

"இந்த வெயிலுக்க நோன்பும் பிடிச்சா இடிக்காம என்ன செய்யும்? நோன்பு துறந்திட்டுத் தேத்தண்ணி குடி, சரியாப் போகும். நாளண்டைக்கு கிளினிக்குக்கு வா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காலில் வீக்கம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பியவளுக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அவசரமாக ஒப்பரேஷன் செய்து அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆண் குழந்தை நாலு நாள் இருந்து மௌத்தாகிவிட்டது.

விசாரணை எங்கள் பணிமனையில் நடந்தது. அவளுடைய அட்டையில் முந்திய கிளினிக்கின் பிரஷர் சரியாக இருந்தது. என் நாட்குறிப்பில், அந்த வீட்டுக்கு நேரே, "முறைப்பாடு எதுவும் இல்லை" என்று இருந்தது. அன்று மாலை வீட்டில் இருந்தபடி நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வசனத்தை எழுதியிருந்தேன், வழக்கம்போல. வைத்திய அதிகாரி அதை வாசித்தார். "உங்கட பக்கம் பிழை ஒண்டும் இல்ல மிஸ்" என்று கோப்பை மூடினார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம்தான் ஓய்வுக் கடிதத்தை எழுதினேன்.

பிரசவத்துக்குப் பிறகு அவளைப் போய்ப் பார்ப்பது என் கடமை. எனக்குப் பதிலாகப் பக்கத்துப் பிரிவு மருத்துவமாதுவை அனுப்பினேன். ஆனால் அவளை ஒருமுறையாவது பார்க்காமல் வேலையை விட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் போனேன்.

வீட்டில் அவளும் தாயும் மட்டும்தான். எங்கள் ஊர்ப் பழக்கப்படி மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். சண்டை வந்தால் தன் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போவார். அவர் போய் நாற்பது நாளாகிவிட்டது என்று தாய் சொன்னா. அவர் அக்கரைப்பற்றில் ஒரு அரிசி ஆலைக்கு லொறி ஓட்டுபவர்.

அந்தப் பிள்ளை என் முன்னால் கதிரையில் இருந்தாள். மெலிந்திருந்தாள். நிலத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கு நான் உங்களுக்கிட்ட தலையிடியச் சொன்னனா, சொல்லல்லியா?"

நான் பதில் சொல்லுமுன் அவளே தொடர்ந்தாள்.

"மாமி சொல்றா, சொல்லியிருந்தா மிஸ் சும்மா விட்டிருக்க மாட்டா எண்டு. நான் தலையிடிய மறைச்சு மறைச்சு நோன்பு பிடிச்சுத்தான் புள்ளயத் திண்டுட்டனாம். அவரும் அதைத்தான் நம்புறார். சொன்ன மாதிரித்தான் எனக்கு ஞாபகம். ஆனா வலிப்பு வந்த பிறகு எல்லாம் குழம்பிக் கிடக்கு."

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. இரண்டு மாதமாக நான் பயந்தது அவள் என்னைக் குற்றம் சொல்லுவாள் என்றுதான். அவள் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை.

"சொன்னாய் மகள்" என்றேன். "ரெண்டு நாளா எண்டும் சொன்னாய். நான்தான் கணக்கெடுக்கல்ல."

அவள் அழவில்லை. தாயின் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா உம்மா? நான் சொல்லியிருக்கன்" என்றாள். குரல் உயரவேயில்லை. தாய்தான் எழுந்து வந்து என் முன்னால் நின்றா.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்க?"

"பயம்" என்றேன்.

அன்றைக்கே அந்த மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கும் போனேன். வாசலுக்கு வந்த மாப்பிள்ளையிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு கிழமையில் மனைவியிடம் திரும்பி வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் வைத்திய அதிகாரியிடம் போனேன். என் மகளின் வயதுதான் அவருக்கு. "ரிட்டயர் ஆகப் போறீங்கதானே மிஸ், இப்ப ஏன் இதச் சொல்றீங்க?" என்று கேட்டார். "சொல்லாமப் போக ஏலாது டொக்டர்" என்றேன். கோப்பைத் திரும்பத் திறந்தார்கள். கடைசியில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள். என் சேவையில் முதலாவது. தன் மேசையிலேயே கிடந்த ஓய்வு விண்ணப்பத்தை மேலே அனுப்பவா என்று அவர் கேட்டபோது, வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டேன். ஓடிப்போகிறாள் என்று யாரும் சொல்லக்கூடாது. இருந்து ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஊரெல்லாம் கதைக்கிது. மரியாதையாப் போயிருக்கலாம். இனி என்னத்துக்கு இருக்கப் போறாய்?" என்றார். நாங்கள் பல நாள் சரியாகக் கதைக்கவில்லை.

எட்டு மாதம் வேலை செய்தேன். கருவி இப்போது எந்நேரமும் தோளில் தொங்கியது. யாருக்குத் தலை இடித்தாலும், கால் உளைந்தாலும், நித்திரை வராவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிரஷர் சரியாக இருந்தாலும் அனுப்பினேன். மீன்பிடிக்கப் போகும் ஒருவர் தன் மனைவிக்காக ஒரே மாதத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாட்டில் காத்திருந்தார். மூன்று முறையும் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவருடைய மனைவியும் அவள் அக்காவும் பேசுவது கேட்டது.

"மிஸ் வாறா. தலையிடி எண்டு சொல்லிராதடி. கையோட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவா."

"ஓம், சொல்லமாட்டன்."

செருப்பில் பாதிக் கால் இருக்க அப்படியே நின்றேன். ஒருத்தி சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இப்போது என் பயத்தினால் இன்னொருத்தி சொல்லாமலே மறைக்கிறாள். உள்ளே போய் அவளை நெடுநேரம் கெஞ்சித்தான் உண்மையை வாங்கினேன். பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. அவள் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், நல்லபடியாகப் பெற்றாள். ஆனால் நான் செருப்பைக் கொஞ்சம் முந்திக் கழற்றி உள்ளே போயிருந்தால் அந்தப் பேச்சு என் காதில் விழுந்திராது.

அந்த மாதமே இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முழங்காலைப் பற்றி எதுவும் எழுதவில்லை. "என் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது" என்று எழுதினேன். வைத்திய அதிகாரி இரண்டு தடவை வாசித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் மேலே அனுப்பினார்.

உம்றாவுக்குப் போய் வந்தோம். கட்டாரில் மூன்று மாதம் பேரனோடு இருந்தேன். திரும்பி வந்தபிறகுதான் நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. காலை பத்து மணிக்குள் சமையல் முடிந்துவிடுகிறது. மின்விசிறியைக் கூட்டுவதா குறைப்பதா என்று கணவரோடு சண்டை பிடிக்கிறேன். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு தூங்கி எழும்பினால் மனம் கனக்கிறது.

பக்கத்துப் பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில், புதிதாகக் கல்யாணம் முடித்த பிள்ளைகளுக்குக் கர்ப்பகாலம் பற்றிச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாம் தடவை போனேன். பதினொரு பேர் இருந்தார்கள். சத்துணவு, இரத்தப் பரிசோதனை என்று தொடங்க நினைத்துப் போனவள், என்னையறியாமல் அந்தத் தலையிடியிலிருந்து தொடங்கினேன். பெயர் சொல்லவில்லை, அந்த மிஸ் நான்தான் என்பதை மட்டும் சொன்னேன். ஒரு பெண் எழும்பி வெளியே போய்விட்டாள். இன்னொருத்தி, "புள்ளைய இழந்த அந்த ராத்தா இப்ப எப்பிடி இருக்கா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

இப்போது ஒவ்வொரு வியாழனும் போகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நன்மை என்றுதான் போகிறேனா, அல்லது என் பாரத்தைப் பதினொரு பேரின் தலையில் இறக்கிவைக்கப் போகிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. கணவரிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கும்" என்றுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.