அழித்த இருமல்

லண்டன் செவன் கிங்ஸில் உள்ள எங்கள் வீட்டில் என் மகள் பழைய அமெரிக்க ராக் அல்பம் ஒன்றைப் போட்டாள். பாட்டுக்கு முன்னால் பாடகர் இருமினார்.

"ஸ்டூடியோவில ஏன் இதை அழிக்கேல்லை?" என்றேன்.

"வேணுமெண்டுதான் விட்டவை, அப்பா. ஆள் பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கெல்லே?"

சிறுவயதில், லண்டனிலிருந்த அப்பாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கசெற்றில் பேசி அனுப்புவோம். தீர்ந்துபோனதும் கொஞ்சம் உயிர் வரட்டுமென்று வெயிலில் காயவைத்த ரெக்கோடர் பற்றரிகள் கையில் சுடும். அம்மா பேசப்பேச இருமல் வரும்.

"அதை அழியடா. அந்தாள் அங்க தனியக் கிடந்து பயப்படும்," என்று பதிவுசெய்யும் அண்ணையிடம் சொல்வார்.

"ஓமம்மா, திரும்ப முதலிலயிருந்து சொல்லுங்கோ."

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அப்பாவின் பெட்டியில் கிடைத்த கசெற் ஒன்று என்னிடம் இருக்கிறது. மகள் வெளியே போனதும் போட்டேன்.

"நாங்கள் நல்ல சுகம்," என்றார் அம்மா, ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப்போல. ஒரு இருமலாவது வருமா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.