தெருவைப் பார்த்த சோலார்

என் அக்கா கன்னியம்மாளின் வீட்டுக்காரர் கஜபதி மாமாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் வராது. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். மற்றதை நீங்களே கேளுங்கள்.

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். முப்பத்தோரு வருஷம் குவார்ட்டர்ஸ் வாசம். அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு, ஒரே ஜன்னல், சுவருக்கு ஒரே மஞ்சள். அதனாலோ என்னவோ, அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தன்னிடம் ஒரு பொருள் இருந்தால் வாசலில் போகிறவன் அதைப் பார்த்தே ஆகவேண்டும். ஃப்ரிட்ஜ் வாங்கினால் சமையலறையில் வைக்க மாட்டார்கள். ஹாலில், கதவைத் திறந்ததும் எதிரே நிறுத்துவார்கள். தயிருக்கும் தக்காளிக்கும் சமையலறையிலிருந்து ஹாலுக்கு நடந்தே அக்காவுக்குப் பாதி ஆயுசு போனது. மாமாவுக்கு அந்த வியாதி முற்றிப்போன கேஸ்.

தொண்ணூற்றிரண்டில் ரிடையர் ஆனதும் பாரிவாக்கத்தில் வீடு கட்டினார். வடக்குப் பார்த்த வாசல், எதிரே ரோடு. பின்னால் தெற்கே வெறும் வயல், எருமைகள் மேயும். மொட்டை மாடிக்குப் போக வெளிப்பக்கமாகப் பதினெட்டுப் படி, கைப்பிடி கிடையாது. அக்காவுக்கு அதற்குள் இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார். தினமும் காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். படி ஏறக் கூடாது.

மாமா யோசித்தார். பத்து நாள் யோசித்துவிட்டு, மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் போடப்போவதாக அறிவித்தார்.

"கன்னிம்மா, இனிமே நீ அடுப்ப ஊதிக்கினு குந்த வேணாம். சூரிய பகவானே உனக்கு வெந்நீ வெச்சிக் குடுப்பாரு" என்றார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கூட இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று வருத்தப்பட்டேன். அந்த வருத்தம் ஒரு வாரம் தாங்கியது.

மாட்ட வந்தவர் மண்ணூர்பேட்டை சுலைமான். வேலை தெரிந்தவர். கறுப்புப் பூசிய தகடு, அதன்மேல் கண்ணாடி, அதற்கு மேலே உயரத்தில் மூடி போட்ட டேங்க். எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"அண்ணாத்தே, தகடு தெற்கப் பாத்து சாஞ்சி இருக்கணும். பனிக்காலத்துல சூரியன் அந்தப் பக்கமாத்தான் போவும்."

"தெற்கால இன்னா கீது? எருமை பாக்கறதுக்கா நான் இத வாங்கிகினு வந்தேன்? ரோட்டப் பாத்து நிறுத்துய்யா."

"ரோடு வடக்கால கீதே!"

"அத்தத்தான் நானும் சொல்றேன்."

சுலைமான் மூன்று தடவை எடுத்துச் சொன்னார். முப்பத்தோரு வருஷ சர்வீஸ் உள்ள ஒரு ஸ்டோர் கீப்பருக்கு இரும்புச் சாமானைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம் என்றார் மாமா. கீழே நிற்கிறவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தகட்டை நிமிர்த்தி வேறு வைக்கச் சொன்னார். கிளம்பும்போது சுலைமான் அக்காவிடம், "நாலு போல்ட்டுதாம்மா. திருப்பணும்னு தோணிச்சின்னா சொல்லி அனுப்பு, வந்து திருப்பித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது வைகாசி மாசம். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே கை சுடும் காலம். சோலார் குழாயிலும் சூடாக வந்தது. மாமா காம்பவுண்டு ஓரமாகவும் ஒரு குழாய் இழுத்து, ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். சும்மா போன தபால்காரரையும் விடவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை, பொங்கலுக்கு அரிசி கொடுக்கலாம் என்று சென்னீர்குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனேன். வீட்டுப் பின்னால் புகை. விறகடுப்பில் பெரிய அண்டா கொதிக்கிறது. அக்காவைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் மாடிப்படியில் காலி வாளியோடு, குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாக்கா இது கூத்து?"

"கத்தாத நாகு. அவரு வாக்கிங் போயிகீறாரு, வந்துடுவாரு."

கார்த்திகை பிறந்ததுமே குழாயில் வெந்நீர் நின்றுபோயிருக்கிறது. அந்த வாரம் பார்த்து, மாமா தொழிற்சாலை சிநேகிதர் வரதனைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். நாலு பேர் எதிரில் அவர் தலை குனிந்துவிடக் கூடாதே என்று அக்கா நாலு வாளி வெந்நீரைச் சுமந்துபோய் டேங்கில் ஊற்றியிருக்கிறாள். வரதன் கையை வைத்துவிட்டு, "சுடுதுப்பா!" என்று குதித்தாராம். அன்றிலிருந்து தினம் யாராவது பார்க்க வருகிறார்கள். தினம் நாலு வாளி. அது போதாதென்று, அந்தத் தண்ணீரில் சுகமாகக் குளித்துவிட்டு மாமா கிழக்கே திரும்பிச் சூரியனைக் கும்பிடுகிறாராம்.

"பச்சத் தண்ணியோட கலந்து ஆறிடாதா?" என்று கேட்டேன்.

"மெதுவா ஊத்தினா சூடு மேலயே நிக்குதுடி. கொழாவும் மேலேர்ந்துதான் எடுக்குது" என்றாள். ஒரே மாசத்தில் அந்த எந்திரத்தை அவள் படித்துவிட்டாள். வாங்கியவர் இன்னும் வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறார்.

"உன் கால் ஒத்தடத்துக்கு?"

"அதுக்கு எங்கடி மிச்சம் கீது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமா பால் பாக்கெட்டோடு உள்ளே நுழைந்ததும், அக்கா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அண்டாவைக் காட்டினேன். அவள் முழங்காலைக் காட்டினேன், இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன.

"நாலு போல்ட்டு மாமா! சுலைமான் பாய்க்குச் சொல்லி அனுப்புங்க. இன்னிக்கே திருப்பிடுவாரு" என்றேன்.

மாமா ரோட்டுக்குப் போய் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெருவைப் பார்த்தார். முகம் சின்னதாகிவிட்டது. முதல் தடவையாக இந்த மனுஷன் வெட்கப்படப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். திரும்பி வந்தார்.

"இப்போ போயி திருப்பினா, இத்தினி நாளு தப்பா வெச்சிகினு இருந்தான்னு தெரு சிரிக்காதா?" என்றார்.

அவர் அக்கா பக்கத்தில் போய், குரலைத் தணித்துக்கொண்டார்.

"கன்னிம்மா, நாளைக்கி ஏழு மணிக்கே நம்ம ஃபேக்டரி சம்பத்து சோலாரப் பாக்க வரான். நீ கொஞ்சம் சீக்கிரமா எழுந்துக்கோ."

அக்கா தலையாட்டினாள்.

"பனியில படி வழுக்கும். செவத்தப் புடிச்சிகினு ஏறு" என்றார். நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.