எட்டு மூலை நட்டும் ஒரு டப்பா களிமண்ணும்

ஒரு நட்டுக்கு எத்தனை மூலை?

ஆறு என்றால் கையைக் கொடுங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்! (இத்தனைக்கும் நான் கணக்கு டீச்சர்.)

எழுபதுகளில் நடந்தது. மரக்காணம் உப்பளத்தில் கொஞ்சம் பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தோம். ராணுவத்தில் ஏலம் விட்ட பழைய ட்ரக் ஒன்றை என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மற்ற லாரிகள் புதைந்துபோகும் சேற்று வரப்பில் அது மட்டும்தான் போகும்.

புரட்டாசி கடைசி. கிழக்கே மேகம் கூடிவிட்டது. அந்த வருஷத்து உப்பு முழுக்க அம்பாரமாக வெட்டவெளியில்.

அந்த நேரம் பார்த்து ட்ரக்கின் முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது!

பேரிங்கில் உப்புத்தண்ணீர் புகுந்திருந்தது. சக்கரத்தைப் பிரிக்க, ஹப்புக்குள் இருக்கும் பெரிய நட்டைத் திருக வேண்டும். அது குழிக்குள் இருக்கிறது. குழாய் மாதிரி பாக்ஸ் பானா இருந்தால்தான் எட்டும். (ஸ்பேனரைத்தான் எங்கள் பக்கம் பானா என்பார்கள்.)

வீட்டுக்காரர் ஆட்களோடு கூடையில் உப்பு சுமக்கப் போய்விட்டார். எனக்குக் காலாண்டு லீவு. நட்டின் அகலத்தை நூலால் அளந்துகொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

பழைய சாமான் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, வீட்ல ஆம்பளைங்க இல்லியா?"

"இருக்காரு. உப்பு சுமக்கறாரு. பானா இருக்குதா?"

"ஆறு மூலைதானே?"

"பின்ன?" என்றேன், அவ்வளவு தைரியமாக!

கொண்டுவந்து மாட்டினால் உட்காரவில்லை. கிரீஸைத் துடைத்து எண்ணினால்... எட்டு!

"டீச்சரம்மா, ஒரு வாட்டி எண்ணிப் பாக்கக் கூடாதா?" என்றார் வீட்டுக்காரர். கோபமில்லை. களைப்பு. "வுடு. முடிஞ்ச மட்டும் தலையில சுமப்போம். மிச்சம் கரைஞ்சா கரையட்டும்."

"கரையட்டுமா?" பக்கத்திலிருந்த அஞ்சலை கூடையைப் பொத்தென்று போட்டாள். அந்த அம்பாரத்தில் பாதி அவள் வாரியது. "ஆறு மாசம் கால் வெடிக்க வாருனது நானு. கரையட்டும்னு நீ சொல்றியாண்ணே?"

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நட்டு வராதுன்னா மண்ணுல அச்சு எடுத்துட்டுப் போயேன் டீச்சர்!"

ஒரு பவுடர் டப்பாவை வெட்டி, பாத்திக் களிமண்ணைத் திணித்து, ஹப்புக்குள் விட்டு அழுத்தி எடுத்தாள். எட்டு மூலையும் பளிச்சென்று விழுந்திருந்தது!

"காய வுட்றாதே. சுருங்கிப் பூடும்." (புதுப் பருத்திச் சட்டை முதல் துவையலில் சுருங்குகிறதல்லவா, அப்படி.)

ஈரத்துணி சுற்றி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பஸ். வழியெல்லாம் தண்ணீர் தெளித்தபடியே போனேன். பக்கத்து சீட்டு அம்மா, "செடியா?" என்று கேட்டார்.

"நட்டு" என்றேன். தள்ளி உட்கார்ந்துகொண்டார்!

கடைக்காரர் டப்பாவைப் பார்த்ததும் கையை விரித்தார். "எட்டு மூலைலாம் கிடையாதும்மா. உளி வெச்சுத் தட்டச் சொல்லு."

பென்சிலைப் பல்லால் சீவினால் எப்படி இருக்கும்? உளி வைத்தால் நட்டின் கதியும் அதுதான். அப்புறம் அதை எந்தப் பானாவும் பிடிக்காது.

"நானே தேடிக்கறேன்" என்று ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன்.

"புடவை வீணாயிடும்."

"ஆவட்டும்."

ஒவ்வொரு பானாவாக எடுத்து, அதன் வாயை அச்சுக் குழியின் வாயோடு பொருத்திப் பார்த்தேன். ஒன்று பெரிசு. ஒன்று சின்னது. மத்தியானம் தாண்டியது. கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார், கடைசியில் அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்!

துருப்பிடித்த ஒரு ராணுவப் பெட்டியின் அடியிலிருந்து அவர்தான் எடுத்தார். அச்சின் மேல் வைத்தோம். ஒரு மூலையும் பிசகாமல் பொருந்தியது.

"ஏம்மா, எடுத்துட்டு ஓடு. மேகத்தைப் பாரு!"

மறுநாள் காலை பானாவில் ஒரு நீளக் குழாயைச் செருகினார்கள். ஒரு முனையில் வீட்டுக்காரர், பக்கத்தில் அஞ்சலை. "ஏலே...லோ!" டப்பென்று ஒரு சத்தம். நட்டு அசைந்துவிட்டது!

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் அடைத்து, சக்கரத்தை மாட்டினோம். இரண்டு நாள் ட்ரக் நிற்கவே இல்லை.

கடைசி நடை உப்பையும் ரோட்டு மேட்டில் கொட்டி, கீற்று போட்டு மூடும்போது முதல் தூறல் விழுந்தது. எல்லோரும் ட்ரக்குக்கு அடியில் ஓடினோம்.

அஞ்சலை மட்டும் வரவில்லை. காலிப் பாத்தி நடுவில் போய் நின்று, வானத்தைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்ப பேயி! எவ்ளோ பேயணுமோ பேயி!"