முகர்ந்த பூ

கல்யாணமாகி ஏற்காட்டிலிருந்து மயிலாப்பூருக்கு வந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு ஒரு செடியையும் கொண்டுவந்தேன். மலைப் பாறை இடுக்கில் படரும், ஒரு சாண்கூட உயராத செடி. நகம் அளவுக்கு ஊதாப் பூ. எங்கள் வீட்டில் தேன்பூ என்போம். பூத்துவிட்டால் தேனீ மொய்க்கும். மெட்ராஸ் வெயிலை இது தாங்காது என்று புக்ககத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வீம்பு. கிணற்றடி நிழலில் மணலும் கூழாங்கல்லும் போட்டு நட்டேன். தை மாதம் பூத்தது.

பூத்து என்ன? தேனீ வரவில்லை. காரணம் என் மாமனார். வண்டு வாய் வைத்த பூ எச்சில், ஸ்வாமிக்கு ஆகாது என்று விடியுமுன் பூக்குடலையோடு இறங்கிவிடுவார். எங்கள் தோட்டத்தில் எந்தப் பூவும் வெயிலைப் பார்த்ததில்லை. நல்ல பூ ஒன்றைச் செடியில் விட்டாலும் பூஜைக்குக் குறை வைத்ததாக அவருக்கு மனசு உறுத்தும். எனக்கோ அந்த ரீங்காரம் கேட்காமல் பிறந்த வீட்டு ஏக்கம் தீரவில்லை. ஆனால் அவரிடம் வாய்விட்டுக் கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

ஒருநாள் அவருக்கு முன்னே எழுந்துபோய், மண்டி போட்டு ஒவ்வொரு பூவாக முகர்ந்தேன். முகர்ந்த பூவும் பூஜைக்கு ஆகாதே. நிமிர்ந்தால் மாமனார் நிற்கிறார்.

"அத்தனையும் மோந்துட்டியா?"

தலையாட்டினேன். அவர் குடலையோடு நந்தியாவட்டைப் பக்கம் போய்விட்டார். வெயில் ஏறியதும் முதல் தேனீ வந்தது. அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். பிறகு தினமும் முகர்வதே என் முதல் வேலையாயிற்று.

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது என்னை ஏற்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூஜையை விட்டு வரமாட்டேன் என்று மாமனார் மட்டும் இருந்துவிட்டார். அங்கே சுற்றிலும் தேனீ இரைந்தாலும், மயிலாப்பூரில் என் பாத்தி மொட்டையாகக் கிடக்கும் என்று நினைத்து நினைத்துப் பொருமினேன்.

நாலு மாதம் கழித்துத் திரும்பியதும் நேரே கிணற்றடிக்குப் போனேன். செடி பாய் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. பூவுக்குப் பூ தேனீ. பின்னால் வந்த மாமனாரிடம், பறிக்கவில்லையா என்று கேட்டேன்.

"எப்படிப் பறிக்கறது? தினம் நானே மோந்துண்டிருந்தேனே" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பறிப்பதற்குக் குனிந்தால் போதும். முகர்வதென்றால் மண்டி போட்டு, முகத்தை மண்வரை கொண்டுபோக வேண்டும். மூட்டுவலியால் ஸ்வாமிக்குச் செய்யும் நமஸ்காரத்தையே நின்றபடி முடித்துக்கொள்கிறவர் அவர்.