திறந்து கிடந்த அம்மாவின் பாட்டுகள்

அம்மா சர்ச்சில் பாடிய பாட்டுகளை இணையத்தில் என் கணக்கில் ஏற்றி வைத்திருந்தேன். வேறு பிரதி இல்லை. அம்மா இறந்த பிறகு, ஆம்பூர் பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பேன்.

ஒரு நாள் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட, லாக் அவுட் செய்யாமலே ஓடிவிட்டேன். மறுநாள் போனால், கடைக்கார பாய் என் பாட்டுகளைத் திறந்து வைத்திருந்தார்.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க பாய்?" என்று கத்தினேன்.

அவர் ஒரு சி.டி.யை நீட்டினார். "நேத்து ராத்திரியோட அந்த சைட்டை மூடிட்டாங்கம்மா. நேத்து நீ போனதும் நோட்டீஸ் பாத்தேன். உன் நம்பர் தெரியல. அதான் எல்லாத்தையும் இறக்கிட்டேன்."

சி.டி.யின் மேல் 'அம்மா பாட்டு, பத்திரம்' என்று எழுதியிருந்தார்.

அன்று நான் ஒழுங்காக மூடிவிட்டுப் போயிருந்தால், அம்மாவின் குரல் இன்று என்னிடம் இருந்திருக்காது.