மெத்தையில் உட்கார்ந்த புத்தர்

எங்கள் முதலாளிக்கு ஞானம் வந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை எங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கக் கிளம்பினார் பாருங்கள், அங்கேதான் தலைவலி ஆரம்பித்தது.

ஆரணியில் அவருக்குப் பட்டுக்கடை. கடை மாடியில் ஞாயிறு காலைகளில் ஜமக்காளம் விரித்து புத்த தத்துவக் கூட்டம். சென்னையில் எங்கேயோ கற்றுக்கொண்டு வந்தாராம். ஒவ்வொருவருக்குள்ளும் புத்தர் இருக்கிறார், பெரியவன் சின்னவன் கிடையாது, மந்திரத்தை விடாமல் சொன்னால் தலையெழுத்தை நாமே மாற்றிவிடலாம். மந்திரம் ஜப்பான் பாஷை. அதன் அர்த்தத்தை வாரத்துக்கு ஒரு விதமாகச் சொல்வார்.

அவருக்கு நெய்கிறவர்கள் வந்தே ஆகவேண்டும் என்று அவர் சொன்னதில்லை. யார் வரவில்லை என்று மட்டும் விசாரிப்பார். அதனால் போனோம். கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கலாமே என்று அங்கே ஒருவர் இழுத்தபோது, "எல்லாத்தையும் வெளியில தேடினு இருக்கீங்க. உள்ள பாருங்க" என்றார். சேற்றில்தான் தாமரை பூக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். சேறு எங்களுக்கு, தாமரை அவருக்கு என்று ஏற்கெனவே பாகம் பிரித்தாகிவிட்டது போல.

என் வீட்டுக்காரர் அப்படியெல்லாம் யோசிக்கிற ஆளில்லை. நம்பிவிட்டார். தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே மந்திரம் சொல்வார். பக்கத்தில் ராட்டையில் தார் நூல் சுற்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உள்ள புத்தர் குந்தினு இருக்காருன்னா, கரண்ட் போறப்போ அவரையே விளக்கு புடிக்கச் சொல்லுங்க" என்றேன். சிரித்தார். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை.

கடைத் தரையில் வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய மெத்தை உண்டு. முதலாளி அதில்தான் உட்காருவார். சேலை வாங்க வருகிறவர்களும் அதில் உட்காருவார்கள். சேலை நெய்தவன் மட்டும் ஓரமாக நின்று, குனிந்து, சேலையை விரித்துக் காட்டுவான். உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் காலுக்கே அது தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, நெய்து முடித்த சேலையைக் கொடுத்துவிட்டு அடுத்த சேலைக்கான பாவு நூலை வாங்கிவர இருவரும் போனோம். முதலாளி பாவு கொடுத்தால்தான் தறி ஓடும். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மெத்தையில் ஏறி, முதலாளியின் முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்து, சேலையை விரித்தார். வீம்புக்கு அல்ல. முந்தைய நாள் ஜமக்காளத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஓரத்தில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை தலையைத் தூக்கினார்.

"இன்னாபா இது? ஏந்திரு" என்றார் முதலாளி.

"நேத்து மேல இப்பிடித்தானங்க பக்கத்துல குந்தினு இருந்தோம்."

"அது மேல. இது கடை."

"கடையில இருக்கறது வேற புத்தருங்களா?"

கூட்டத்தில் சந்தேகம் கேட்பது போலவே கேட்டார். அந்த மனிதருக்குக் குத்திப் பேசவும் தெரியாது. முதலாளி சேலையை மடித்து ஓரமாக வைத்தார். "பாவு இப்ப இல்ல. அப்பறம் சொல்லி அனுப்பறேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்பதைக் கேட்டுவிட்டுப் போனவர்களில் சிலர் இப்போது களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார்கள். எழுந்திருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் முதலாளியின் தலைக்குப் பின்னால், அலமாரியில், சுருட்டிய பாவுகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். வைத்துக்கொண்டே இல்லை என்கிறார். எனக்குள் எந்தப் புத்தரும் விழிக்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நானும் மெத்தையில் ஏறி உட்கார்ந்தேன்.

"ஆள் அனுப்பற சிரமம் எதுக்குங்க? நாங்க இங்கயே இருக்கோம். இங்கயே சொல்லிடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் வந்தவாசியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். எங்களையும் சேலை எடுக்க வந்தவர்கள் என்று நினைத்து, ஓர் அம்மாள் என்னை ஒட்டி உட்கார்ந்து, "உங்க வூட்லயும் கல்யாணமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "இவங்களுக்குப் பாவை எடுத்துக் குடுத்து ஜல்தி அனுப்புபா" என்றார் கணக்குப்பிள்ளையிடம்.

மந்திரம் பலித்துவிட்டது என்றார் வழியெல்லாம் என் வீட்டுக்காரர். வேன் பலித்தது என்றேன் நான்.

அடுத்த முறை போனபோது சுவரோரம் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இருந்தன. நெசவாளர் வசதிக்காம். எங்களை மெத்தையிலிருந்து தள்ளிவைக்கிற அவசரத்தில் அவர் ஒன்றை மறந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்த நாங்கள் எல்லோரும், தரையோடு தரையாக மெத்தையில் இருந்த அவரைக் குனிந்து பார்த்துப் பேசினோம். சில நாளில் அவருக்கு ஒரு நாற்காலி வந்தது. முழங்கால் வலியாம்.

மாடியில் கூட்டம் இன்னும் நடக்கிறது. யார் வரவில்லை என்று இப்போது விசாரிப்பதில்லை. என் வீட்டுக்காரர் விடாமல் போகிறார். கடைக்குப் போனால், காலியாகக் கிடக்கிற மெத்தையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஏந்திரு என்று முதலாளி சொல்வதில்லை.

நான் ஸ்டூலில்தான் உட்காருகிறேன். அங்கிருந்து முதலாளியின் முகம் நேராகத் தெரிகிறது.